பத்து வயது டெஸ்க்டாப்புக்கு எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்?

சுவிட்சை அழுத்தியதிலிருந்து உலாவியில் முதல் பக்கம் முழுதாக விரியும்வரை 4 நிமிடம் 20 விநாடி. கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு அளந்தேன். 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப் அது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். வீட்டில் தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாயிற்று: “தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு.”

தீர்ப்பை ஏற்பதற்கு முன் சாட்சியை விசாரிப்போமே என்று, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசசர் 12 சதவீதம். ராம் பாதிக்குச் சற்றுக் கீழே. டிஸ்க் 100 சதவீதம். அதன் பக்கத்திலேயே படிக்கும் வேகம்: விநாடிக்கு 1.3 எம்பி.

நூறு சதவீதம் உழைக்கிறது, கிடைப்பதோ விநாடிக்கு ஒன்றேகால் எம்பி. முரணாகத் தெரிந்தாலும் கணக்குப் போட்டால் சரியாக வருகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குள் தரவைத் தாங்கும் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. வேண்டிய இடம் அதைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிவிநாடி. தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர்வதற்கு 9 மில்லிவிநாடி அளவில் ஆகும். ஆக ஒரு துண்டை எடுக்க 13 மில்லிவிநாடி. விநாடிக்கு 75 துண்டுகள். விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பவை எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு துண்டுகள். ஒவ்வொன்றும் 16 கேபி என்று வைத்தால் விநாடிக்கு 1.2 எம்பி. டிஸ்க் பழுதாகவில்லை. அது தன்னால் முடிந்ததைத்தான் செய்துகொண்டிருந்தது. பிராசசர் பாவம், 12 சதவீத வேலையை வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தது.

பழைய கணினி விஷயத்தில் எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: வயதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான நேரங்களில் ஒரே ஒரு பாகம்தான் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கும்.

எஸ்எஸ்டியா, ராமா?

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில், சுழலும் பாகம் இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியா, கூடுதல் ராமா? முதலில் எழும் கேள்வி இதுதான். இதில்தான் அதிகம் பேர் தவறவும் செய்கிறார்கள். என் அக்கா மகன் ஒருநாள் பேசினான். “மாமா, 8 ஜிபியை 16 ஆக்கிவிட்டேன். அப்படியேதான் இருக்கிறது” என்றான். டிஸ்க் என்ன என்று கேட்டேன். ஹார்ட் டிஸ்க். வண்டி நகராததற்கு டயரில் காற்றில்லாதது காரணம் என்றால், பெட்ரோல் டேங்க்கைப் பெரிதாக்கி என்ன பயன்?

ஆனால் தலைகீழாகவும் நடக்கும். ராம் போதாதபோது விண்டோஸ் நினைவகத்தில் இருப்பதை எடுத்து டிஸ்க்கில் இறக்கி வைக்கும், தேவைப்படும்போது திரும்ப ஏற்றும். 4 ஜிபி ராமும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்த கணினியில் இந்த ஏற்றி இறக்கும் வேலையே டிஸ்க்கை 100 சதவீதத்தில் நிறுத்திவிடும். பார்ப்பவர் டிஸ்க்கைக் குறை சொல்வார், குற்றவாளி ராம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்துகொள்ளுங்கள். மெமரி பக்கத்தில் ‘கமிட்டட்’ என்ற இடத்தைப் பாருங்கள். முதல் எண் உங்கள் கணினியில் உள்ள ராமின் அளவைத் தாண்டிப் போய், டிஸ்க்கும் ஓயாமல் ஓடுகிறதா? உலாவியை மூடியதும் டிஸ்க் அடங்குகிறதா? அப்படியானால் ராம் போதவில்லை. உலாவியை மூடிய பிறகும், கணினி எழுந்து பத்து நிமிடம் ஆன பிறகும், எதைத் தொட்டாலும் டிஸ்க் துள்ளுகிறது என்றால் குறை டிஸ்க்கில்தான்.

என் கணக்கு இப்படி: 4 ஜிபி மட்டும் இருந்தால் இரண்டும் வேண்டும், ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டி. ராம் போதாமல் டிஸ்க்குக்கு ஓடினாலும் அது எஸ்எஸ்டியாக இருந்தால் அந்த ஓட்டம் அவ்வளவு வலிக்காது. 8 ஜிபி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எஸ்எஸ்டிதான். 16 ஜிபிக்கு மேல் போவதற்கு, வீடியோ தொகுப்போ மெய்நிகர் கணினிகளோ போன்ற குறிப்பான காரணம் ஒன்று இருக்க வேண்டும். “இருக்கட்டுமே” என்பது காரணம் ஆகாது.

எஸ்எஸ்டி வாங்கும்போது இரண்டு குழப்பங்கள் வரும். ஒன்று சாட்டா, அதாவது டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் இணைப்பு: “என் மதர்போர்டில் இருப்பது பழைய சாட்டா 2, அதில் பாதி வேகம்தானே வரும்?” வரும். சாட்டா 3-இல் அதிகபட்சம் விநாடிக்கு 550 எம்பி அளவில் கிடைக்கும், சாட்டா 2-இல் அதில் பாதி. ஆனால் மேலே பார்த்த கணக்கில் நம்மை வதைத்தது பெரிய கோப்பை நகலெடுக்கும் வேகம் இல்லை, சிறு துண்டுகளைத் தேடும் நேரம். தட்டும் தலையும் இல்லாத எஸ்எஸ்டி விநாடிக்குப் பல ஆயிரம் துண்டுகளை எடுத்துத் தரும். சாட்டா 2 அதைக் கெடுப்பதில்லை. இரண்டாவது குழப்பம், சாட்டாவுக்குப் பதில் வேறு வழியில் இணையும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி. சாட்டாவைவிடப் பல மடங்கு வேகம் என்று பெட்டியில் போட்டிருப்பது உண்மைதான். ஆனால் பத்தாண்டுக்கு முந்தைய மதர்போர்டுகள் பலவற்றில் அதற்கான எம்.2 துளையே இராது. அட்டை ஒன்றை வைத்துச் செருகலாம். ஆனால் பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்பே எழுந்து கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) அந்த வகை டிஸ்க்கிலிருந்து விண்டோஸை எழுப்பத் தெரியாமல் போகலாம். அந்தத் தலைவலி வேண்டாம். அலுவலக வேலையிலும் உலாவியிலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கையில் தட்டுப்படாது.

ராம் வாங்குவதற்கு முன் பழைய துண்டை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ராம் தலைமுறைகள் ஒவ்வொன்றிலும் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றொன்றில் நுழையாது, நுழைக்கவும் கூடாது. 8 ஜிபி ஒரே துண்டாக ஒரு துளையில் மட்டும் இருந்தால், அதே மாதிரி இன்னொரு 8 ஜிபியைச் சேர்ப்பது இரட்டைப் பலன் தரும். அளவும் கூடுகிறது, இரண்டு தடங்களிலும் ஒரே நேரத்தில் தரவு ஓடுகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த இரண்டாம் தடம் திரைக்கும் உதவும், ஏனென்றால் அங்கே திரைக்கான நினைவகமும் இந்த ராமிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

செலவே இல்லாத வேலை

எதையும் வாங்குவதற்கு முன் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். என் கணினியில் பிராசசர் விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியச் சீப்புக்கும் நடுவே தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. விரலால் எடுத்தபோது வட்டமாக, ஒரே துண்டாக வந்தது. விசிறியின் வடிவம் அதில் பதிந்திருந்தது. இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் காலையில் நன்றாக ஓடும் கணினி, ஒரு மணி நேரம் கழித்து மந்தமானால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். டிஸ்க்கையும் ராமையும் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

சுத்தம் செய்யும்போது விசிறியை ஒரு பென்சிலால் தடுத்து நிறுத்திக்கொண்டு காற்றடியுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் அதன் அச்சு கெடும். பிராசசரின் சூட்டை அலுமினியச் சீப்புக்குக் கடத்தும் வெப்பப் பசையையும் மாற்றுவதாக இருந்தால், இன்டெல் விசிறியின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளை எதிரெதிர் மூலைகளாக அழுத்திப் பொருத்த வேண்டும். எனக்கு ஒரு ஊசி ‘டிக்’ என்று சொல்லவேயில்லை. சரி, மூன்று பிடித்தால் போதாதா என்று விட்டேன். போதவில்லை. விசிறி ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டது, எழுந்த இரண்டாவது நிமிடமே கணினி அணைந்துவிட்டது. மதர்போர்டை வெளியே எடுத்து, பின்பக்கத்திலிருந்து நான்கு ஊசிகளும் விரிந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சரியானது.

இன்னொன்று, ஒவ்வொரு முறை எழும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடுகிறது, பாதுகாப்பான இணையதளங்கள் எதுவும் திறக்கவில்லை என்றால், கணினி சாகப் போகிறது என்று அர்த்தமில்லை. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்ற ஒரு நிமிடம் போதும்.

பிராசசரை மாற்றலாமா?

பெரும்பாலும் வேண்டாம் என்பேன், ஒரு விலக்கோடு.

நான்காம் தலைமுறை ஐ5-4570-ஐ எடுத்துவிட்டு அதே சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம்) ஐ7-4790 போடலாம். இரண்டிலும் கோர்கள், அதாவது கணக்குப் போடும் மூளைகள், நான்குதான்; ஐ7-இல் கோருக்கு இரண்டு வேலை வரிசைகள் வீதம் எட்டு இழைகள், கொஞ்சம் கூடுதல் வேகம். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுபவருக்கு அது தெரியும். கடிதம் எழுதுபவருக்கு, கணக்குப் போடுபவருக்கு, கூட்ட அழைப்பில் பேசுபவருக்குத் தெரியாது. அதுவும் பழைய சந்தையில் கிடைக்கும் பயன்படுத்திய பிராசசராகத்தான் இருக்கும். போட்ட பிறகும் கணினி அதே டிடிஆர்3 ராமோடு, அதே தலைமுறையோடு நிற்கும். அந்த மதர்போர்டு போகும் நாளில் பிராசசரும் ராமும் சேர்ந்தே போகும்.

விலக்கு ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட். 2017-இல் வந்த முதல் தலைமுறை ரைசன் என்ற ஏஎம்டி பிராசசர் வைத்திருப்பவர்கள், மதர்போர்டு நிறுவனம் புதிய பயாஸ் வெளியிட்டிருந்தால், அதே மதர்போர்டில் ரைசன் 5000 வரிசை வரை ஏறலாம். இந்த ஏற்றம் உண்மையிலேயே பெரியது. நான்கு கோரிலிருந்து ஆறு, எட்டு கோர். ஒவ்வொரு கோரும் முன்னதைவிட வேகம். ராமை மாற்ற வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இன் கதவும் திறக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பயாஸைப் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். புதியதைப் பொருத்திய பின் பழைய பயாஸ் அதை அடையாளம் காணாது, திரை கருப்பாகவே நிற்கும்.

கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விளையாடுபவர்களுக்கு வேண்டும், மற்றவர்களுக்கு வேண்டாம். 4கே வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறதே என்பவர்களுக்கு: யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்களைப் பிரிக்கும் தனிச் சுற்று பழைய பிராசசர்களில் கிடையாது, முழுப் பாரமும் கோர்கள் மேல் விழுகிறது. உங்கள் திரையே 1080 அளவுதான் என்றால் வீடியோவையும் 1080-க்கு இறக்குங்கள், தீர்ந்தது. கார்டு வாங்கியே தீருவேன் என்றால் முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். மதர்போர்டுத் துளை தரக்கூடியது 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனி மின் இணைப்பு வேண்டும், நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று விற்ற சிறிய பெட்டிகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. சிலவற்றில் பவர் சப்ளையின் செருகியே வேறு வடிவம். வெளியில் வாங்கியது பொருந்தாது.

வேகம் பிரச்சினை இல்லாதபோதும் வரும் பிரச்சினை

இதுவரை சொன்னதெல்லாம் வேகம் பற்றியது. அதைச் சரிசெய்துவிடலாம். பழைய கணினிக்கு உண்மையான கெடு வேறிடத்திலிருந்து வருகிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துப் பெறும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது அவகாசம் மட்டுமே. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகள், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவற்றோடு, பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது ரைசன் 2000 வரிசையிலிருந்து மேலே உள்ள பிராசசர் வேண்டும். என் நான்காம் தலைமுறை அந்தப் பட்டியலில் இல்லை. எஸ்எஸ்டி போட்டாலும் இல்லை, 32 ஜிபி ராம் போட்டாலும் இல்லை.

இங்கே மூன்று பாதைகள் பிரிகின்றன. சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ வலுக்கட்டாயமாக நிறுவுவது ஒன்று. செய்துவிடலாம், ஓடவும் ஓடும். ஆனால் அத்தகைய கணினிகளுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் தெரியாத மிகப் பழைய பிராசசர்களில் அது எழவே மறுத்தது. நோண்டிப் பார்ப்பதில் இன்பம் காண்பவர்களுக்கு இந்தப் பாதை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸ் இரண்டாவது. லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை யுஎஸ்பியில் எழுதி, டிஸ்க்கில் எதையும் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்புக்கு 2024 ஏப்ரலிலிருந்து ஐந்தாண்டு ஆதரவு உண்டு. உலாவி, மின்னஞ்சல், ஆவணங்கள், வீடியோ எல்லாம் நடக்கும். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 தட்டச்சும் நடக்கும். என் கட்டுரைகளை நான் அப்படித்தான் அடிக்கிறேன். நடக்காதவற்றையும் சொல்ல வேண்டும்: விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்குமென்பொருள், சில மின்கையொப்பச் சாதனங்கள், சில பழைய ஸ்கேனர்கள். ஆகவே யுஎஸ்பியில் ஓட்டிப் பார்க்கும் அந்த அரை மணி நேரத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்காமல், உங்கள் பிரிண்டரில் ஒரு தாளை அச்சிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, கணினியையே மாற்றுவது. இதற்கு நல்ல காரணங்கள் உண்டு, மின்சாரமும் அவற்றில் ஒன்று. என்னுடையதைப் போன்ற டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 40 வாட் அளவில் இழுக்கும். கையகல மினி கணினி ஒன்று அதே நிலையில் 10 வாட்டைச் சுற்றி நிற்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 30 வாட் வேறுபாடு ஆண்டுக்கு 88 யூனிட் ஆகிறது. நாள் முழுதும் ஓடும் கணினிக்கு இது பெரிய எண். மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் திறப்பவருக்கு ஒன்றுமில்லை. புதிதுதான் வேண்டும் என்பதும் இல்லை. எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட, அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த கணினி பலருக்குப் போதுமானது.

மாற்றத்தான் வேண்டும் என்று கணினியே சொல்லும் நேரங்களும் உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் டிஸ்க்கின் மறுஒதுக்கீடு செய்த செக்டர் எண்ணிக்கை (கெட்டுப்போனதால் மாற்றிடம் தரப்பட்ட துண்டுகள்) வாரத்துக்கு வாரம் ஏறினால், அன்றே கோப்புகளை நகலெடுங்கள். அது டிஸ்க்கோடு போகும் பிரச்சினை. ஆனால் சுவிட்சை மூன்று முறை அழுத்தினால்தான் எழுகிறது, மதர்போர்டில் மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறது என்றால், அதற்குள் புதுப் பாகம் எதையும் வைக்காதீர்கள்.

நான் என்ன செய்தேன்?

பாகங்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்: இந்தக் கணினி போனால் அடுத்ததுக்கு என்னோடு வருபவை, இதோடு சேர்ந்து போய்விடுபவை. எஸ்எஸ்டி வரும். நல்ல பவர் சப்ளையும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் வரும். டிடிஆர்3 ராமும் பழைய சாக்கெட்டு பிராசசரும் வராது. வராதவற்றுக்கு அளவாகச் செலவழி, வருபவற்றுக்குத் தயங்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். ராமை அப்படியே விட்டேன். தூசியைத் துடைத்து, பசையை மாற்றி, லினக்ஸ் நிறுவினேன். பழைய ஹார்ட் டிஸ்க் படங்களும் பாட்டுகளும் வைக்கும் பரணாக உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் இல்லாமல் நடக்காத ஒரு வேலைக்கு வீட்டு லேப்டாப் இருக்கிறது. அது இல்லாதிருந்தால் பழைய அலுவலகக் கணினி ஒன்றைத்தான் தேடியிருப்பேன்.

மறுபடி ஸ்டாப்வாட்ச் வைத்தேன். சுவிட்சிலிருந்து உலாவியின் முதல் பக்கம் வரை 34 விநாடி. அதில் 12 விநாடி, திரையில் எதுவும் தோன்றுவதற்கு முன்பே பயாஸ் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதில் போகிறது. அதை மட்டும் எதைக் கொண்டும் குறைக்க முடியவில்லை.